ரோஸிக்கு ஒரு செக்கப்

எங்கள் வீட்டில் செக்கப் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அம்மை கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். எனக்கு அப்போது எட்டு வயது. முந்தின வருஷம்தான் என் சித்தி, அம்மையின் தங்கை, திருவனந்தபுரத்துக்குச் செக்கப்புக்குப் போனாள். போகும்போது நன்றாகத்தான் போனாள். தலையில் பூ வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, எனக்கு அல்வா வாங்கிவருவதாகக் கையசைத்துவிட்டுப் போனாள். மார்பில் ஒரு கட்டி என்றார்கள். கத்தி வைத்தார்கள். முடியெல்லாம் கொட்டியது. அந்த மழைக்காலம் முடிவதற்குள் சித்தியைப் பெட்டியில் வைத்துக் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டு ஜெபத்துக்கு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "ஓடியாடி நடந்த பிள்ள. செக்கப்புக்குக் கொண்டு போயி கத்திய வச்சாவ, அது தேகமெல்லாம் பரவிச்சு. தொடாம விட்டிருந்தா இன்னும் பத்து வருசம் கெடந்திருப்பா." நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பன் தின்றபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இந்தப் பெரியவர்கள் நினைக்கிறார்கள் பாருங்கள், அதைப்போல முட்டாள்தனம் வேறொன்றும் கிடையாது. எனக்கு எல்லாம் தெளிவாக விளங்கிவிட்டது. செக்கப்புக்குப் போகாதவரை நோய் இல்லை. டாக்டர் எங்கே தொடுகிறாரோ அங்கேதான் அது முளைக்கிறது. இதை நான் மட்டுமா நம்பினேன்? வீடே நம்பியது. சித்தியைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர் மாமன், அம்மைக்கு அண்ணன், மார்த்தாண்டத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர். சித்தி செத்த நாளிலிருந்து அம்மை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா துபாயிலிருந்து போனில் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

ரோஸி, சித்தி வளர்த்த நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் எப்போதும் மடங்கியே கிடக்கும். சித்திக்குப் பிறகு அது எனக்குச் சொந்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மைக்கு நாய் என்றாலே ஆகாது. மிச்சச் சோற்றையும் மீன்முள்ளையும் அடுக்களைக்கு வெளியே ஒரு சட்டியில் தட்டுவாள், அவ்வளவுதான் உறவு. "ஏட்டி, உனக்க நாயி உள்ள கேறிச்சின்னா ரெண்டையும் சேத்து வெளிய தள்ளிருவேன் பாத்துக்க" என்பாள். அவள் அதைக் கையால் தொட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாமன் ஆட்டோவை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். ஊருக்குள் வெறிநாய் ஒன்று அலைகிறது என்று நாலைந்து நாளாகப் பேச்சு. தங்கச்சி வளர்த்த நாய்க்கு இன்னும் ஒரு ஊசிகூடப் போடவில்லை, வருஷத்துக்கு ஒருமுறையாவது டாக்டரிடம் காட்ட வேண்டாமா என்று அம்மைக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார். நான் ரோஸியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"சும்மா ஒரு செக்கப்தான் மக்கா. போன உடனே வந்திரலாம்."

சித்தியிடமும் இதே முற்றத்தில் நின்றுகொண்டு இதையேதான் சொன்னார். பின்பக்கம் ஓடி ரோஸியின் சங்கிலியை விறகுக் குவியலுக்குள் செருகினேன். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். மாமன் தேடிப் பார்த்துவிட்டு, ஆட்டோவிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து ரோஸியின் கழுத்தில் கட்டினார். அந்த மானங்கெட்ட நாயோ, உலாத்தக் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு வண்டியில் சாடி ஏறியது. நானும் வருவேன் என்று கத்தினேன். புழுதியில் விழுந்து புரண்டேன். கடைசியில் அம்மை சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். "பிள்ளையத் தனியா விட எனக்கு மனசில்ல. நானும் வாறேன்" என்றாள். மாமனே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். எனக்குச் சந்தேகம் தட்டியது. பிடிக்காத நாய்க்காக இவள் எதற்கு வருகிறாள்? ஒரேயடியாக ஒழித்துக்கட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

மெயின் ரோட்டில் ஏறியதும் ஆட்டோ நாகர்கோவில் பக்கம் திரும்பும் என்று இருந்தேன். அது களியக்காவிளைப் பக்கம் திரும்பியது. அதே ரோட்டில்தான் சித்தி போன பஸ்ஸும் போனது. "மாமா, திருவனந்தபுரத்துக்கா?" என்று கேட்டேன். லாரிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. நான் ரோஸியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மை ஓரமாக ஒண்டிக்கொண்டு, ரோஸியின் வாய்நீர் சேலையில் பட்டுவிடாதபடி காலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள்.

நல்லவேளை, களியக்காவிளைக்கு முன்னாலேயே வண்டி நின்றது. டயர் கடைக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள சின்ன ஆஸ்பத்திரி. உள்ளே ஒருவர் அட்டைப்பெட்டியில் கோழியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு அக்காவின் மடியில் துண்டு சுற்றிய பூனை. எல்லாம் சரி, ஆனால் அந்த வாசனை! சித்தியைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போன ஆஸ்பத்திரியிலும் இதே பினாயிலும் மருந்தும் கலந்த நாற்றம்தான். அம்மை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ரோஸிக்கும் அப்போதுதான் விஷயம் பிடிபட்டது போல. வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு பெண். தலைமுடியைத் தூக்கி முடிந்திருந்தார், எங்களைப் போலவே பேசினார். முதலில் எடை. ரோஸி எடைமேடையில் நிற்கவே மாட்டேன் என்றது. மாமன் அதைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி நின்றார், பிறகு தனியாக ஏறி நின்றார், டாக்டர் கழித்துக்கொண்டார். சித்தியையும் இப்படித்தான் எடை பார்த்தார்கள், ஒவ்வொரு தடவையும் குறைந்தது. பிறகு டாக்டர் ரோஸியின் வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்க்கிற குழலை வைத்தார். ரோஸி திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. கண்ணை இழுத்துப் பார்த்தார். மடங்கின காதை விரித்து மோந்தே பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அமுக்கினார், அது வெளுத்து மறுபடி சிவந்தது. நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நான் மனசுக்குள் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லத் தொடங்கி, பயத்தில் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

"நல்ல நாயி. கொள்ளாம்" என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு ரோஸியைச் சாய்த்துப் படுக்கவைத்தார். பெண் நாய் என்றால் வயிற்றுப் பக்கத்தையும் பார்க்கணும் என்று சொல்லி, காம்புகளை ஒவ்வொன்றாக, சுற்றிலும் விரல் நுனியால் அமுக்கிக்கொண்டே வந்தார். பைய, அவசரமே இல்லாமல். ஓரிடத்தில் விரல் நின்றது. முன்னால் போய், திரும்பி அதே இடத்துக்கு வந்தது.

"இதில ஒரு கட்டி இருக்கு. சின்னதுதான், ஒரு பயறளவு."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தேன். "தொடாதிய! தொட்டா பெருசாவும்! எங்க சித்தியயும் இப்படித்தான் தொட்டு தொட்டுக் கொன்னாவ!"

மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தியின் சாவைப் பற்றி, அந்த ஜெபத்துக்கு வந்த பெண்கள் போன பிறகு, எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. நான் ஒரு நாய் ஆஸ்பத்திரியில் நின்று ஊருக்கே கேட்கக் கத்திவிட்டேன். அம்மை இப்போது அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

டாக்டர் குனிந்து என் பக்கம் வந்தார். "நான் தொட்டதுனால வரல்ல மக்கா. இது நேத்தும் இருந்தது, போன மாசமும் இருந்திருக்கும். கண்டுபிடிச்சது மட்டும்தான் இன்னைக்கு. சின்னதா இருக்கதுக்குள்ள எடுத்துட்டா உனக்க ரோஸிக்கு ஒண்ணும் ஆவாது. பேடிக்காண்டாம், பயமே வேண்டாம்."

நான் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. டாக்டர்மார் அப்படித்தான் சொல்வார்கள், சித்திக்கும் சொன்னார்கள்.

அப்போதுதான் அம்மை வாயைத் திறந்தாள். "அதுக்கு வலிக்கல்லியே டாக்டரே. வலிச்சா கொரைச்சிருக்கும், நக்கியிருக்கும். வலிக்கல்லன்னா கெட்டது இல்லதானே?"

"அப்படி இல்லம்மா. கெட்ட கட்டியும் வலிக்காமதான் இருக்கும். வலி வரட்டும்னு காத்திருந்தா நேரம் போயிரும்."

"எங்கனன்னு எனக்கும் காட்டித் தாருங்க" என்றாள் அம்மை. டாக்டர் அவள் கையைப் பிடித்து, இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்தார். நாயைத் தொடாத அம்மை தொட்டாள். தொட்டவள் எடுக்கவே இல்லை. விரலை அமுக்கினாள், நகர்த்தினாள், மறுபடி அமுக்கினாள். அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெளுத்துப் போயிருந்தது. டாக்டர் ரோஸியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். ஒருத்தி தொட்டது போதாது என்று இன்னொருத்தியும் தொடுகிறாளே!

டாக்டர் வெறிநாய்க் கடிக்கான ஊசியைப் போட்டார், பூச்சி மாத்திரை கொடுத்தார், இரண்டு வாரம் கழித்துக் கட்டியை எடுக்கக் கொண்டுவரச் சொன்னார். நானும் மாமனும் ரோஸியோடு வெளியே வந்துவிட்டோம். அம்மை மட்டும் உள்ளே நின்று டாக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் ரோஸி அம்மையின் கால்மேல் தலையை வைத்துக்கொண்டது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பாதி வழியில், ஒரு வருஷத்துக்குப் பிறகு, மாமனைப் பார்த்து வாய்நிறையக் கூப்பிட்டாள்.

"அண்ணா."

மாமன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

"திங்கக்கிழம வருவியா? திருவனந்தபுரத்துக்குப் போணும்."

மாமன் எதற்கென்று கேட்கவில்லை. அவளுடைய முகத்தையே பார்த்தார். "வாறேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இரண்டு வாரம் என்றுதான் டாக்டர் சொன்னார், இவள் திங்கட்கிழமையே என்கிறாள்! அதுவும் திருவனந்தபுரத்துக்கு! ரோஸியின் கதை முடிந்தது என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டுக்குத்தி, திங்கட்கிழமை வராமலே போகட்டும் என்று ஜெபித்தேன். அம்மையும் எனக்குப் பக்கத்தில் முட்டுக்குத்தி நின்றாள். எல்லாரும் எழுந்த பிறகும் அவள் எழவில்லை. நாயைக் கொல்லப் போகிறவளுக்கு என்ன ஜெபம் வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் ரோஸியை இழுத்துக்கொண்டு போய் ரப்பர் ஷீட் உலர்த்துகிற புரைக்குள் அடைத்தேன். கதவுக்கு முன்னால் நானே உட்கார்ந்துகொண்டேன். ஆட்டோச் சத்தம் கேட்டது. மாமி என்னோடு இருப்பதற்காக வந்து இறங்கினாள். அம்மை ஒரு பையோடு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் போய் நின்றேன். என் தலையைத் தடவி, உச்சியில் முத்தம் கொடுத்து, "ஒரு காரியமா போயிட்டு வாறேன் மக்கா. மாமி சொன்னதக் கேட்டு இரு" என்றாள். ரோஸி எங்கே என்று அவள் கேட்கவில்லை. மாமனும் கேட்கவில்லை.

அம்மை எதற்குப் போனாள் என்பது எனக்குத் தெரியவந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு. சித்தி செத்த சில மாதங்களிலேயே அம்மை குளிக்கும்போது தன் மார்பிலும் ஒரு கட்டியைத் தொட்டுக் கண்டிருக்கிறாள். அப்பாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. "ஆண்டவர்கிட்டகூடச் சொல்லல்ல மக்கா. சொன்னா நெசமாயிரும்னு பேடி" என்றாள். ஒரு பக்கத்து மார்பைத் திருவனந்தபுரத்தில் எடுத்தார்கள். அம்மை இன்றும் இருக்கிறாள், இன்றும் என்னை ஏட்டி என்றுதான் திட்டுகிறாள். ரோஸிக்கும் பிறகு கட்டியை எடுத்தார்கள், அடுக்களைக்குள் படுத்து உறங்குகிற அளவுக்கு அதற்கும் காலம் இருந்தது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அம்மை ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, வண்டி வளைவில் திரும்புகிறவரை தலையை வெளியே நீட்டி என்னையே பார்த்துக்கொண்டு போனாள். எனக்கோ தலைகால் புரியாத குதூகலம். நாயை மறந்துவிட்டார்கள், நான் ஜெயித்துவிட்டேன்! ரோட்டின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி, குதித்துக் குதித்துச் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டினேன். அம்மையை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் வழியனுப்பியதில்லை.