கிணற்றுக்குள் வந்த கடல்

எனக்குக் கல்யாணம் ஆனது ஒரு வைகாசியில். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். உழவர்கரையில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அதையே குடித்து, அதிலேயே சமைத்து வளர்ந்தவள் நான். வாழ வந்த வீடு உப்பளம் பேட்டைக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தென்னந்தோப்பில் இருந்தது. வீட்டில் மாமனாரும் என் கணவரும் மட்டும்தான். மாமியார் காலமாகிவிட்டார். அதுவரை சமைத்துப்போட்ட நாத்தனாரை எங்களுக்கு முந்தின முகூர்த்தத்தில்தான் காலாப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். குடிக்கிற தண்ணீரை என் கணவர் ஆலை வேலை முடிந்து வரும்போது உப்பளம் குழாயில் பிடித்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். சமையலுக்கும் மற்றதுக்கும் தோட்டத்துக் கிணறு.

முதல் நாளிலிருந்தே என் சமையல் உப்புக் கரித்தது. சோறும் கரித்தது, குழம்பும் கரித்தது. உப்பைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் சுமாராக இருக்கும், மறுநாள் வாயில் வைக்க முடியாது. பிறந்த வீட்டில் ஒரு பட்டாளத்துக்கே பொங்கிப்போட்ட கை இது! அதற்கு என்ன கேடு வந்ததென்று எனக்கே விளங்கவில்லை. கணவர் மோரை ஊற்றிக்கொண்டு பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். மாமனார் பேசாமல் சாப்பிடுகிற ரகமில்லை.

ஆனி அமாவாசையன்று மாமியாருக்குப் படையல் போட்டோம். படைக்கிற சமையலை ருசி பார்க்கக் கூடாது, கண்ணளவுக்குத்தான் போட்டிருந்தேன். மாமனார் கும்பிட்டுவிட்டு இலையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். அப்படியே கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஆடிக்குப் பொறந்த வூட்டுக்குப் போவ இல்ல? அங்க உங்கம்மாகிட்ட சமைக்கக் கத்துக்கினு வா” என்றார்.

என்னைச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எங்கம்மாவை எதற்கு இழுக்க வேண்டும்? ஆடிக்கு அண்ணன் அழைக்க வந்தால் போவதோடு சரி, திரும்ப இந்த வாசப்படியை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள், வீம்புக்கென்றே ஒரு கல் உப்புகூடப் போடாமல் சமைத்தேன். தின்னட்டும், அப்போதுதான் என் அருமை தெரியும் என்று தோன்றியது. மாமனார் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினார். இன்றைக்குத்தான் உப்பும் உறைப்பும் சரியாக விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஏப்பம் விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிணற்றடிக்கு ஓடி ஒரு வாளி இறைத்து, உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்தேன். அடக் கடவுளே, சாட்சாத் கடல் தண்ணீர். குளிக்கும்போது சோப்பு நுரைக்காத பழியை அதுவரை சோப்பின் மேல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கணவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் ஆற அமர விளக்கினார். கோடையில் மேலேயிருந்து ஆற்றுக்குத் தண்ணீர் வராது. கடல்தான் ஏற்றத்தில் உள்ளே வரும், வற்றத்தில் இறங்கிப்போகும், உப்பு மட்டும் தங்கிவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இன்னும் தூரம் உள்ளே வரும். அது மணலில் ஊறி ஊறிக் கிணறு வரைக்கும் வந்துவிடுமாம். அதனால் கரையோர வீடுகளில் கோடையில் சோற்றுக்கு உப்பே போட மாட்டார்களாம். இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டால், எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிறார். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் இருக்கிறவர்கள். இது தெரியாத ஒருத்தி உலகத்தில் இருப்பாள் என்று அப்பனுக்கும் மகனுக்கும் தோன்றவே இல்லை.

கோபம் தீராமலேதான் ஆடிக்குப் போனேன். ஆவணியில் கணவர் அழைக்க வந்து, வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. கூடவே வந்தேன். ஆனால் வீட்டுக்குள் கால் வைத்ததும், மாமனார் காதில் நன்றாக விழும்படி சொன்னேன்.

“இனிமே உப்பப் பத்தி யாராவது ஒரு வார்த்த சொன்னீங்க, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புப் பக்கம் போய்விட்டார்.

நான் இல்லாத நாட்களில், தெற்கேயிருந்து வந்த அலை மணலைக் கொண்டுவந்து குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிட்டிருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடந்தது. நானும் உப்பில்லாமலே சமைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு பெருகி, போக வழியில்லாமல் தோப்புக்குள் ஏறியது. மீன்பிடிக்கிறவர்களும் எங்கள் பக்கத்து ஆட்களும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமனாரும் போனார். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கடல் வற்றும்வரை எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றத்தில் வெட்டினால் கடல் அந்த மணலையே தள்ளி மறுபடி அடைத்துவிடுமாம். வற்றம் வந்ததும் ஓர் ஆள் இறங்கும் அகலத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். ஆறு அதில் தலையை நுழைத்தது, அவ்வளவுதான். மீதி வேலையை அதுவே பார்த்துக்கொண்டது. இரண்டு பக்கமும் மணல் சரிந்து சரிந்து விழ, செம்மண் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் போயிற்று. எனக்குக் கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

அன்றிரவு விடிய விடிய மழை கொட்டியது. காலையில் கிணறு குனிந்து மொள்ளும் அளவுக்கு நிறைந்திருந்தது. மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். கணவர் முதல் வாய் வைத்ததும் என்னவோ சொல்ல வந்தார். மாமனார் அவரை ஒரு முறை முறைத்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் மறுபடியும் குழம்பு வாங்கி, சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அப்புறம் நான் உட்கார்ந்தேன். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. பொட்டு உப்பில்லை. ஒரே ராத்திரியில் கிணறு நல்ல தண்ணீராகிவிட்டிருந்தது.

சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போனேன். மாமனார் தென்னை மரத்தடியில் உட்கார்ந்து, மண்வெட்டி பிடித்துக் கொப்புளம் போட்ட கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏன் மாமா, உப்பே இல்லாம எப்படித் தின்னீங்க? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சொன்னா போயிடுவேன்னியேம்மா.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் நினைத்ததே இல்லை.