காலிக் குழாய்

"சுழட்டியக்கா" என்கிற பட்டப்பேர் மாமியார் காதில் முதன்முதலாக விழுந்தது சின்ன நாத்தனார் கல்யாணத்தில்தான். ஆய்வுக்கூடத்து ஆட்கள் வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டதும் மாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. மருமகள்தான் விளக்கினாள்; ஊராருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அது நூறாவது தடவை.

அவள் வேலை பார்த்த இடத்தில் மிளகாய் இலையைச் சுருட்டும் வைரஸை ஆராய்ந்தார்கள். அந்த வைரஸின் மரபுச்சரத்தை, அதாவது டி.என்.ஏ.வை, புதிதாகச் செய்து, துண்டு துண்டாகத் தபாலில் அனுப்ப ஒரு கம்பெனி உண்டு. துண்டுகளை ஒட்டி, எந்தத் துண்டு இலையைக் கெடுக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனியளவு குழாயில், கண்ணுக்கே தெரியாத பொடியாக வரும். வழியில் குலுங்கி மூடியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் திறக்குமுன் மெஷினில் வைத்து ஒரு நிமிஷம் சுழற்றிக் கீழே இறக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பேரே வந்தது.

கடைசித் துண்டுக்கு நாலு மாசம் காத்திருந்தார்கள். வைரஸ் என்றாலே யார், எதற்கு என்று கம்பெனி குடைந்துவிடும். பதில் எழுதியே இவள் கை ஓய்ந்தது. பார்சலை வாங்கி, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள். மறுநாள் மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக லீவு எடுத்தாள். அந்த ஒரு நாள் போதாதா?

திரும்பி வந்தபோது துறைத் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"காலிக் குழாய அனுப்பிட்டான்மா. பார்க்காம கையெழுத்துப் போட்டேன்னு நீ எழுதிக் குடு."

தற்காலிக வேலையில் இருந்த அவளை நிரந்தரமாக்கும் கோப்பு அதே மேஜையில் கிடந்தது. எழுதிக் கொடுத்தால் பதினோரு வருஷ உழைப்புக்குக் கல்தா.

"சுழட்டினீங்களா சார்?"

"எதை?"

"சரி விடுங்க. குழாய் எங்க?"

"திறந்தேன், ஒண்ணுமில்ல. மூடிக் குப்பையில போட்டேன்."

"கண்ணுக்குத் தெரிய அதென்ன சார், சர்க்கரையா?"

கையுறையை மாட்டிக்கொண்டு குப்பைப் பெட்டியைக் கிளறினாள். குழாய் அடியில் கிடந்தது. சுழற்றி, தண்ணீர் விட்டு, அளக்கும் மெஷினில் ஒரு சொட்டு வைத்தாள். முக்கால்வாசி தேறியது. தலைவர் எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"அப்ப கம்பெனிக்கு எழுத வேண்டாம்ங்கிற."

"எழுதுங்களேன். நன்றின்னு எழுதுங்க."

மன்னிப்பா, மண்ணா? தானம் கொடுப்பதுபோலக் கோப்பில் கையெழுத்தைக் கிறுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

அவள் இப்போதும் அதே கூடத்தில்தான் இருக்கிறாள், நிரந்தர வேலையில். பார்சல் அலமாரிச் சாவி அவளிடம் மட்டும்.