எட்டு வந்த பிக்கப்

என் கணவருக்குப் பிக்கப் ஆசை கனடாவிலிருந்து வந்தது. டொரன்டோவில் இருக்கும் அவருடைய மச்சான், பின்பக்கம் திறந்த பெட்டி வைத்த தன் புதுப் பிக்கப்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படத்தைக் குடும்பத்தவர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். பொனட் மச்சானின் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. பின்னால் பனி குவிந்து கிடந்தது. என் கணவர் அந்தப் படத்தைத் தொலைபேசியில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தார். ஆசையில்தான் அப்படிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கீரையை ஆய்ந்தேன்.

நாங்கள் மணவறை போடுகிறவர்கள். கலியாணம், சாமத்தியச் சடங்கு, அறுபதாவது பிறந்தநாள் என்று எது வந்தாலும் தூண்களையும் கதிரைகளையும் துணிகளையும் மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, எல்லாம் முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருவோம். துணியும் பூவும் என் பொறுப்பு. பூட்டுவதும் ஓட்டுவதும் அவர். அந்த வருடம் கோடை தொடங்கும் நேரம் பார்த்து எங்கள் வான் கியர்பெட்டி உடைந்து படுத்துவிட்டது. ஆவணிக் கலியாணங்களுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. வாகனம் இல்லையென்றால் தொழில் இல்லை.

தொழிலுக்கும் மேலே ஒன்று இருந்தது. வாகனம் ஓட்டாத என் கணவரை எனக்குத் தெரியாது. இந்த நாட்டுக்கு அகதியாக வந்து முதலில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்தார், பிறகு மினிகாப் ஓட்டினார், அதன் பிறகு சொந்த வான். லண்டனில் அவரை யாராவது மரியாதையாகக் கூப்பிட்டிருந்தால் அது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தபோதுதான். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் நாலு நாள் எடுப்பவர், யாராவது விமானநிலையத்துக்குப் போகவேண்டும் என்றால் சட்டை மாற்றிக்கொண்டு நிற்பார்.

பிக்கப் வேண்டாம் என்பதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன, அவற்றைச் சொல்லாமலும் இருக்கவில்லை. லண்டனில் மழை பெய்யும். திறந்த பெட்டியில் பட்டுத்துணி கொண்டுபோனால் மணமக்கள் நனைந்த துணிக்குக் கீழே இருந்துதான் தாலி கட்டவேண்டும். அது அமெரிக்காவில் செய்த வாகனம், ஸ்டியரிங் இடது பக்கம். கார்நிறுத்தத்தில் சீட்டு தரும் மெஷின் வலது பக்கம் இருக்கும், ஒவ்வொரு முறையும் அந்த உயரத்திலிருந்து நான்தான் எட்டி எடுக்கவேண்டும். குட்மேய்ஸில் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார்கள் நடைபாதையில் பாதி ஏறி நிற்கும், நடுவில் ஒரு கார் போனால் எதிரில் வருவது பின்னால் போகவேண்டும். போதாததற்குக் கவுன்சில் பெரிய வாகனம் நுழையக்கூடாது என்று சில தெருக்களின் வாயில் இரும்புத் தூண் வேறு நட்டு வைத்திருக்கிறது. எங்கள் பழைய வானின் பக்கக் கண்ணாடி அப்படியொரு தூணில்தான் உடைந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"உயரத்திலை இருந்தா ரோட்டு வடிவாத் தெரியுமப்பா. லைற் வெளிச்சமும் பெரிசு."

"இப்ப மட்டும் ரோட்டுத் தெரியாமலோ ஓடுறியள்?"

"உமக்கு வாகனத்தைப் பற்றி என்ன தெரியும்?"

பேச்சு அத்துடன் முடிந்தது. எங்கள் வீட்டில் பேச்சு வழக்கமாக முடிகிற இடம் அதுதான்.

அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. எங்கள் வயதுக்காரர்களில் அது இல்லாதவர்களை எண்ணுவது சுலபம். அதற்காக வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டுப் படம் எடுக்கக் கூப்பிடுவார்கள். மருந்து விட்டால் அன்றைக்கு வாகனம் ஓட்டக்கூடாது. அதனாலேயே அவர் போகமாட்டார். "அண்டைக்கு எனக்கு ஓட்டம் இருக்கு" என்பார். ஓட்டம் இல்லாத நாளிலும் அதையே சொன்னார். பஸ்ஸில் போய் வரலாம் என்று ஒருமுறை சொன்னேன். பஸ்ஸா என்று கேட்டுவிட்டு, நான் ஏதோ கழுதையில் போகச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

பக்கத்து ஊரான பார்க்கிங்கில் வாகனம் விற்கிற ஒரு யார்டில் மச்சானுடையதைப் போலவே ஒரு பிக்கப் விற்பனைக்கு நிற்பதாகத் தெரியவந்ததும் புதன்கிழமை போவது என்று முடிவானது. செவ்வாயும் சனியும் ஆகாது. ராகுகாலம் லண்டன் நேரத்துக்கா யாழ்ப்பாண நேரத்துக்கா என்ற பழைய வழக்கை ஒருமுறை பேசி, வழக்கம்போலத் தீர்க்காமல் விட்டோம். வாங்கினால் சில்லுக்குக் கீழே வைக்க எலுமிச்சம்பழம் என் கைப்பைக்குள் இருந்தது. வேண்டாம் என்று சண்டைபிடித்த நானே அதைக் கடையில் பொறுக்கி எடுத்தேன். வாங்கத்தான் போகிறார் என்றால் பழமாவது நல்லதாக இருக்கட்டும்.

எங்கள் சின்னக் காரை அவர் ஓட்டினார். எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. கோயிலுக்கும் கடைக்கும் ஓடுவேன், ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் ஓடமாட்டேன். இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். பார்க்கிங் ஊருக்குப் போகிற பாதை அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற பாதை. அன்றைக்குத் திரும்பவேண்டிய இடத்தைத் தவறவிட்டுச் சுற்றிக்கொண்டு வந்தார். கவுன்சில்காரன் போர்டை மாற்றிவிட்டான் என்று திட்டினார். போர்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. தவறவிட்ட கோபத்தில் பேசுகிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

யார்டின் கேற்றுக்குள் நுழைந்ததும் மறுகோடியில் அது நின்றது. கறுப்பு. பக்கத்தில் நின்ற வான்கள் எல்லாம் அதற்கு முன்னால் குழந்தைப்பிள்ளைகள். அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. விற்கிறவன் லித்துவேனியாக்காரன், உயரமான, அவசரமில்லாத ஆள். கை கொடுத்துவிட்டு எஞ்சினைத் திறந்து காட்டப் போனான். என் கணவர் அவனுடன் போகவில்லை. கேற்றடியில் நின்றபடி நம்பர் பிளேட்டைப் பார்த்து விரல் மடித்து எண்ணத் தொடங்கினார்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எஞ்சின் எப்படி, சில்லு எப்படி என்பதெல்லாம் பிறகு. முதலில் நம்பரைக் கூட்டவேண்டும். என் கணவர் இலக்கத்தோடு நிற்கமாட்டார், எழுத்துக்கும் எண் வைத்துக் கூட்டுவார். எந்த ஆங்கில எழுத்துக்கு எந்த எண் என்பது அவருக்கு மனப்பாடம். கூட்டி எட்டு வந்தால் சனி, கிட்டவும் போகக்கூடாது. நல்ல காரியத்துக்குப் போகும்போது எட்டு வருகிற வாகனம் முன்னால் போனால் அதற்குப் பின்னால் ஓடமாட்டார், பக்கத்து வரிசைக்கு மாறுவார். இவ்வளவு காலம் அந்த முன்சீட்டில் இருந்ததில் எனக்கும் அது தொற்றிவிட்டது. நான் நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனாலும் கூட்டுவேன்.

"அஞ்சு," என்றார். அவருடைய முகம் மலர்ந்தது. "புதன்ரை எண். இண்டைக்குப் புதன்கிழமை. பாத்தீரே?"

நானும் கூட்டி முடித்திருந்தேன். எனக்கு எட்டு வந்தது. கணக்கில் அவரை நான் வென்றதில்லை என்பதால் இன்னொரு தரம் கூட்டினேன். எட்டுத்தான்.

"கடைசி எழுத்து என்னப்பா?"

"ஈ," என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

அது எஃப். ஈக்கு ஐந்து, எஃப்புக்கு எட்டு. கேற்றடியிலிருந்து எனக்கு அது அவ்வளவு துலக்கமாகத் தெரிந்தது.

என் டிரைவிங் டெஸ்ட் ஞாபகம் வந்தது. காரில் ஏறுவதற்கு முன்பே, தூரத்தில் நின்ற ஒரு காரைக் காட்டி அதன் நம்பரை வாசிக்கச் சொன்னார்கள். அதை வாசிக்கமுடியாதவரை காரில் ஏறவே விடமாட்டார்கள். நாங்கள் இப்போது நின்ற தூரம் அதைவிட அதிகமில்லை.

பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. விரித்து விரித்துப் பார்த்த படம், உயரம், பெரிய வெளிச்சம், தூணில் உடைந்த கண்ணாடி, தவறிப்போன திருப்பம். எனக்குப் பயம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. போன மாதம் என் தங்கையின் பேரப்பிள்ளையைப் பின்சீட்டில் கட்டி வைத்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம், மழையில், லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. அந்த மனிதனின் கழுத்தைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது.

எட்டு வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும், பிக்கப் கதை அத்துடன் முடிந்துவிடும். என் காரணங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்த ஒரு சொல் செய்யும். ஆனால் அதன் பிறகு அவர் கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு போய் எங்கள் காரில் ஏறி, என்னையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டுவார். நாளைக்கும் ஓட்டுவார்.

"கிட்டப் போய்ப் பாருங்கோ," என்றேன்.

"ஏன்?"

"போய்ப் பாருங்கோவன்."

போனார். பாதி வழியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போய் நின்றார். கடைசியில் ஒரு கார் நீளம்கூட இல்லாத தூரத்தில் நின்று, பிறகு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விற்கிறவன் பக்கத்தில் வந்து பிளேட் சட்டப்படி சரியானதுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவர் தலையை ஆட்டினார்.

நான் கிட்டப் போனேன். அவர் எதையும் தொடவில்லை, ஆனாலும் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உமக்கு அங்கை நிண்டு தெரிஞ்சதோ?"

"ஓம்."

"வடிவா?"

"ஓமப்பா. வடிவா."

விற்கிறவன் திறப்பை நீட்டினான். ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாம் என்றான். என் கணவர் அதை வாங்கி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு ஏறி, இடது பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். அடிவயிற்றிலிருந்து வருகிற நல்ல சத்தம். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, முன்கண்ணாடிக்கு அப்பால் யார்டின் கேற்றைப் பார்த்தார். எதைப் பார்த்தார், எவ்வளவு பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் அவர் கதவுப் பக்கமே நின்றேன். கியரில் கை வைத்தால் முன்னால் போய் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். அவர் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நிறுத்தினார்.

இறங்கி வந்து, நம்பர் சரியில்லை, அதனால் வேண்டாம் என்று விற்கிறவனிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அது ஒரு பிரச்சினையே இல்லை என்றான். கட்டணம் கட்டினால் விரும்பிய நம்பரை மாற்றிக்கொள்ளலாம், தானே செய்து தருவேன் என்றான். நல்ல மனம் அவனுக்கு. என் கணவர் அவனுடைய தோளில் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"நம்பரை மாத்தலாமாம்," என்றார்.

எங்கள் கார் வெளியே தெருவில் நின்றது. வழக்கமாக அவர் எனக்கு முன்னால் நடந்து போய் ஏறி இருப்பார், நான் போய்ச் சேருவதற்குள் ரேடியோவும் பாடத் தொடங்கியிருக்கும். அன்றைக்கு என்னோடு சேர்ந்து நடந்தார். காரடிக்கு வந்ததும் திறப்பை என் கையில் வைத்தார்.

"நீர் ஓட்டும்."

நான் சீட்டை முன்னுக்கு இழுத்தேன், கண்ணாடிகளைத் திருப்பினேன். அவர் மறுபக்கம் ஏறி, பெல்ட்டைக் கட்டி, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளுக்கு அங்கே வேலை இல்லை, அவற்றை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பெரிய ரோட்டில் ஏறியபோது நான் கொஞ்சம் சடாரென்றுதான் பிரேக் போட்டேன். அவருடைய கால் அசையவில்லை. நான் என்றைக்கும் வெறுத்த அந்தப் பொய் பிரேக்கை ஒருமுறை மிதிக்கமாட்டாரா என்று இருந்தது.

"எப்ப தொடக்கமப்பா?" என்று கேட்டேன்.

"போன மாரிக்கு. இருட்டிலைதான் மங்கல் எண்டு நினைச்சன்," என்றார்.

சிவப்பு விளக்கில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிநிறக் கார் நின்றது, கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லலாம். அவர் அதைப் பார்க்கவில்லை, தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னுக்கு நிக்கிறதின்ரை நம்பரை வாசியும்."

நான் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அவர் விரல் மடித்துக் கூட்டினார்.

"எட்டு," என்றார்.

நான் பக்கத்து வரிசைக்கு மாறக் கையை இண்டிகேட்டருக்குக் கொண்டுபோனேன்.

"வேண்டாம். பின்னாலையே போம்," என்றார். "நாளைக்கு உந்தக் கண் படம் எடுக்கிற இடத்துக்குப் போன் அடிச்சுக் கேளும். பஸ்ஸிலை போவம்."