அப்பா வர மறுத்த ரிசப்ஷன்

பி.பார்ம் வகுப்பில் ஹார்மோன் ரிசப்டர் பாடம் தொடங்கியதிலிருந்து நான் தாங்க முடியாத ஆளாகிவிட்டேன். வேலூரிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கும் பாடம் நடத்தினேன். ஆம்பூருக்கு டிக்கெட் எடுத்த மனிதர் மாதனூரிலேயே இறங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டிலேயே ஒரு கேஸ் இருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இதயம் பம்ப் செய்வது கொஞ்சம் வீக் என்று போன வருஷத்திலிருந்து மாத்திரை. வீட்டில் லுங்கியோடு மட்டும் திரிகிற மனிதர், தார் உருகும் மே மாதத்தில் பனியனுக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாங்க, யார்னா ஆபீசர் வர்றாரா?” என்றார் அம்மா.

பிறகு அப்பாவின் கால் வீங்கியது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மாத்திரை டப்பாவைப் பார்த்தால், ஒரு அட்டை மட்டும் பிரிக்கவே இல்லை.

நான் கேட்டதும் அப்பா கதவைச் சாத்தினார். “டேய், அதைப் போட்டா மார் வீங்குதுடா. கை பட்டா வலிக்குது. கம்பெனில பசங்க பார்த்தா பேஜாராயிடும்.”

எனக்கு வந்த சந்தோஷம் மன்னிக்க முடியாதது. “அப்பா, அது ரிசப்டர்பா!”

“ரிசப்ஷனா? எவனுக்கு? நான் வரல. ஒரு சட்டையும் பத்தல.”

சிரித்து முடித்துவிட்டு, “சரி, ரிசப்ஷன்னே வெச்சுக்கோ,” என்றேன். “கிட்னி, இதயம், ரத்தக் குழாய், எல்லா இடத்துலயும் பந்தி. ரிசப்டர்ங்கிறது அங்க போட்டிருக்கிற சேர். ஆல்டோஸ்டீரான்னு ஒரு ஹார்மோன் சேர்ல உட்கார்ந்தா உப்பையும் தண்ணியையும் உடம்புலயே பிடிச்சு வெக்கும். ஜாஸ்தியானா இதயமும் குழாயும் விறைச்சுப் போகும். உன் மாத்திரை முன்னாடியே போய் அந்த சேரைப் பிடிச்சுக்கும்.”

“நல்லதுதான? அப்புறம் எனக்கு எதுக்கு மார் வீங்குது?”

“பக்கத்து மண்டபத்துலயும் பிரியாணி வாசனை வந்துச்சு. அது ஆண் ஹார்மோனோட பந்தி. அதுக்கு சேர் கிடைக்கலன்னா மார் வீங்கும். உன் மாத்திரை அங்கயும் போய் உட்கார்ந்துடுச்சு.”

“அழைக்காமலா?”

“ஆமா.”

“உன் தோஸ்த்துங்க மாதிரி.”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ அட்டையை என் பக்கம் தள்ளினார். “எனக்கு வேணாம். மூச்சு வாங்குனா வாங்கட்டும். செத்தாலும் ஆம்பளையா சாவுறேன்.”

இதற்கு என் பாடப் புத்தகத்தில் விடை இல்லை. சமையலறையிலிருந்து அம்மாவின் குரலில் வந்தது.

“சாவுறதுல இன்னா ஆம்பள, பொம்பள? ஆட்டோ வரச் சொல்லிட்டேன், கிளம்புங்க.”

டாக்டர் ஒரு பெண். அப்பா ஃபேனைப் பார்த்தபடி கால் வீக்கத்தை மட்டும் சொன்னார். அம்மா பொறுக்காமல், “சட்டையக் கழட்டுங்க,” என்றார். டாக்டர் சிரிக்கவில்லை.

“இந்த மாத்திரையில சில ஆம்பளைங்களுக்கு இப்படி ஆகும் சார். ஆனா எங்ககிட்ட சொல்லாம நிறுத்தலாமா? தண்ணி திரும்ப சேர்ந்துடுச்சு பாருங்க.” ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அதே வேலையைச் செய்து, பெரும்பாலும் தன் சேரோடு நிற்கிற வேறு மாத்திரை கொடுத்தார்.

“வீக்கம்?” என்றார் அப்பா, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து.

“பெரும்பாலும் குறையும். கொஞ்ச மாசம் ஆகும்.”

மறுநாள் காலை அப்பா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அம்மா நம்பவில்லை, நாக்கை நீட்டச் சொன்னார். சூப்பர்வைசர் நீட்டினார்.