வருடத்தின் சிறந்த மதிப்பீட்டாளர்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் தபாலக்கா. அந்த அலுவலகத்தில் தபால் அனுப்பும் வேலையே ஒழிந்துபோய் எட்டு வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஒழியவில்லை. மருத்துவ ஆய்விதழ் ஒன்றை நடத்தும் நிறுவனம் அது. மூன்றாவது மாடியில் ஐந்து மேசைகள், மேலாளருக்கு ஒரு கண்ணாடி அறை, மூலையில் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் தண்ணீர் இயந்திரம். சொத்து அவ்வளவுதான்.

இதழ் காகிதத்தில் வந்த நாட்களில் அவள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து உறை போட்டு, முகவரிச் சீட்டு ஒட்டி, கட்டுக் கட்டாக அனுப்புவாள். நூலகங்கள் சந்தா கட்டின. வருடத்துக்கு அறுபது கட்டுரை போட்டால் போதும், அதற்கு மேல் போடப் பக்கமும் கிடையாது. பிறகு எல்லாம் திரைக்குப் போயிற்று. நூலகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மேலே இருப்பவர்கள் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: படிப்பவருக்கு இலவசம், எழுதுபவருக்குக் கட்டணம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு கட்டுரையைச் சரி என்று சொன்னால் வருமானம், வேண்டாம் என்று சொன்னால் வெறும் கை. இப்படி ஒரு கடையைத் திறந்து வைத்தால் அங்கே 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு எத்தனை நாள் மரியாதை இருக்கும்?

கீழ்த்தளத்தைப் பூட்டியபோது, கணினியைக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்கள். அவள் இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு எட்டு வருடம். இந்த மாதம்தான் பணி நிரந்தரத்துக்கான கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேலாளர் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

அவள் வேலை இதுதான். ஒரு கட்டுரை வந்தால், அதே துறை தெரிந்த இரண்டு பேர் அதைப் படித்துத் தேறுமா தேறாதா என்று எழுதித் தர வேண்டும். அவர்களுக்கு மதிப்பீட்டாளர் என்று பெயர், சம்பளம் கிடையாது. சம்பளமில்லாத வேலைக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் கட்டுரை அனுப்புகிறவரே இரண்டு பெயரையும் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியையும் சிபாரிசு செய்யலாம் என்று ஓர் ஏற்பாடு. அந்த முகவரி உண்மையானதா என்று பார்த்து, திரையில் உள்ள சிறு பெட்டியில் ஒரு டிக் போடுவது தபாலக்கா. மாதத்துக்கு அறுபது கட்டுரை வரும் இடத்தில் திரையின் ஓரம் ஒரு கடிகாரம் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் தாண்டினால் அது சிவப்பாகிவிடும். அவளுடையது சிவப்பானதே இல்லை.

வருட முடிவில் மிக வேகமாகவும் அதிகமாகவும் படித்துத் தந்த மதிப்பீட்டாளருக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பது வழக்கம். இந்த வருடம் கணினி ஒரு குழந்தை மருத்துவப் பேராசிரியரைத் தேர்ந்தெடுத்தது. பதினான்கு கட்டுரைகள், சராசரியாக ஒன்றரை நாள். மற்றவர்களுக்கெல்லாம் மூன்று நினைவூட்டல் போனால்தான் பதில் வரும். மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றார்கள். தபாலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. சும்மா படித்துத் தருகிற மனுஷனுக்குத் தடித்த காகிதத்தில் அச்சடித்த ஒன்றாவது கையில் போய்ச் சேர வேண்டாமா? அந்தப் பேராசிரியர் ஒரு காலத்தில் சந்தாதாரர். அவருடைய வீட்டு முகவரிச் சீட்டை அவள் கையாலேயே நாற்பது தடவையாவது ஒட்டியிருப்பாள். பழைய பட்டியலைத் தேடி எடுத்து, அட்டை வைத்து, மடங்காமல் அனுப்பினாள்.

எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

"சர்டிபிகேட் அனுப்பின ஆபீஸா?" வயதான பெண் குரல், நடுக்கம் இல்லாத குரல். "யார் அனுப்பினதுன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"நான்தாம்மா அனுப்பினேன். சார்கிட்ட கிடைச்சுதா?"

"சார்கிட்ட கொடுக்கணும்னா நான் ரொம்ப தூரம் போகணும். அவர் போய் ரெண்டு வருஷமாச்சு."

தபாலக்கா மன்னிப்புக் கேட்டாள். தெரியாமல் பழைய பெயரைச் சேர்த்திருப்பார்கள் என்று ஏதோ சமாளித்தாள்.

"பழைய பேர்னா சரி. இதுல இந்த வருஷம் பதினாலு பேப்பர் படிச்சார்னு போட்டிருக்கே. அவர் என்ன எழுதினார்னு ஒண்ணு படிச்சுக் காட்டுவீங்களா?"

காட்டக் கூடாது என்பது விதி. கேட்பது அவருடைய மனைவி. தபாலக்கா திரையில் ஒன்றைத் திறந்தாள். இரண்டே வரிகள் இருந்தன. படித்தாள்: "மிகச் சிறப்பான கட்டுரை. அப்படியே வெளியிடலாம்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ரெண்டு வரியா? இவரா? கல்யாணம் நிச்சயமானப்போ நான் எழுதின லெட்டரையே திருத்தித் திருப்பி அனுப்பின மனுஷன்மா அவர். மார்க் போடாததுதான் பாக்கி. ஒரு பேப்பர் வந்தா ஒன்றரை மாசம் சாப்பாட்டு மேஜையில கிடக்கும். தட்டு வைக்க இடம் இருக்காது." சிரிப்பு நின்றது. "அவர் படிக்காத எதுலயும் அவர் பேர் இருக்கக் கூடாது. எடுத்துடுங்க. எடுத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு அவள் பதினான்கையும் திறந்து பார்த்தாள். எழுதியவர்கள் வெவ்வேறு ஊர், வெவ்வேறு பெயர். பதினான்கு பேரும் சிபாரிசு செய்த இரண்டு பெயரில் ஒன்று இந்தப் பேராசிரியர், அவருக்குக் கொடுத்ததும் ஒரே முகவரியைத்தான். யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் இலவசமாக உண்டாக்கிக்கொள்ளும் முகவரி அது. அவருடைய மருத்துவமனை முகவரி அல்ல. கட்டுரை எழுதித் தருவதற்கே கடை வைத்திருக்கிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அந்தக் கடைக்காரன் எழுதியும் கொடுத்து, செத்தவர் பெயரில் சபாஷும் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு கட்டுரையின் கீழேயும் 'முகவரி சரிபார்க்கப்பட்டது' என்று இருந்தது. பக்கத்தில் சரிபார்த்தவர் பெயர். பதினான்கு இடத்திலும் அவள் பெயர்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். அன்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெட்கம் காது மடல் வரை சுட்டது. பத்தாவது கட்டுரை, வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு மருந்தின் அளவை எவ்வளவு கூட்டலாம் என்பது. அதைப் பார்த்த பிறகு வெட்கப்பட நேரமில்லை. அவள் வசம் ஒரு பொத்தான் உண்டு: 'நிறுத்திவை'. அதை அமுக்கினால் அந்தக் கட்டுரை வாசகருக்குத் தெரியாது, 'விசாரணையில்' என்று மட்டும் காட்டும். பதினான்கு முறை அமுக்கினாள். அதன் பிறகுதான் கண்ணாடி அறைக்குப் போனாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. வருடத்துக்கு அறுபது கட்டுரை போட்ட காலத்தில் ஒரு காற்புள்ளிக்காக அச்சகத்தோடு சண்டை போட்டவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. விடுங்க. சாப்ட்வேர் கோளாறுன்னு ஒரு குறிப்பு போட்டுட்டு, நாலஞ்சு பேப்பரை மட்டும் மெதுவா எடுத்துடலாம்."

"பதினாலு சார்."

"பதினாலையும் ஒரே நாள்ல எடுத்தா நாளைக்கு எவன் இங்க பேப்பர் அனுப்புவான்? கட்டணம் கட்டினவன் வந்து கேப்பான். மேல இருக்கிறவங்க கேப்பாங்க. சந்தா காலம்னா வாசகருக்குப் பதில் சொன்னா போதும். இப்ப நமக்குச் சோறு போடறது எழுதுறவன்."

"சாப்ட்வேர் ஒண்ணும் பண்ணல சார். பார்த்தேன்னு டிக் போட்டது நான். பார்க்கல."

"அதை எழுதினா உங்க லெட்டர் மேல போகாது. புரியுதா?" மேசை மீதிருந்த கடிதத்தை அவர் கண்ணால் காட்டினார். "நாளைக்குக் காலையில பேசலாம். யோசிச்சுட்டு வாங்க."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் அவன் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நிரந்தரமானால் பெரியவளைக் கல்லூரியில் சேர்க்கக் கடன் கிடைக்கும் என்று இருவரும் போட்டு வைத்திருந்த கணக்கு அவனுக்கும் தெரியும்.

"செத்தவர் பேரைச் சொல்லி ஏமாத்தினது யாரோ. நீ ஏன் முதல் ஆளா போய்க் கழுத்தை நீட்டணும்?" என்றான்.

"நீங்க லிஃப்ட் பெல்ட்டைப் பார்க்காமலே பார்த்தேன்னு கார்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்களா?"

அவன் குழாயை மூடினான். "ஒரு தடவை. முதல் வருஷம்."

"அப்புறம்?"

"பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போய்ப் பார்த்தேன். பெல்ட் நல்லாத்தான் இருந்துச்சு." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். "உன் பெல்ட் நல்லா இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப என்னை ஏன் கேக்கறே? சாப்பாடு எடுத்து வை."

மறுநாள் அவள் குறிப்பை எழுதிக்கொண்டே போனாள். நான்கு வரிகள். இந்தப் பதினான்கு கட்டுரைகளும் முறையாக மதிப்பிடப்படவில்லை, அதனால் திரும்பப் பெறப்படுகின்றன. மதிப்பீட்டாளராகக் காட்டப்பட்டவர் இவற்றைப் படிக்கவே இல்லை. அவர் முன்பே காலமானவர். முகவரியைச் சரிபார்க்காமல் சரிபார்த்ததாகக் குறித்தது இந்த அலுவலகம். கடைசி வரியின் கீழே தன் பெயரையும் போட்டிருந்தாள்.

மேலாளர் இரண்டு முறை படித்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்லல. கொஞ்சம் மூடி வைன்னுதானே சொல்றேன்."

"அந்த வலிப்பு மருந்துப் பேப்பரை எத்தனை பேர் இறக்கியிருக்காங்க தெரியுமா சார்? முந்நூத்திப் பன்னெண்டு. அதுல ஒரு டாக்டர் நம்பி மருந்தைக் கூட்டினா போதும்."

"கட்டணம் வாங்கியாச்சும்மா. நிறுத்தி வச்சதை விடுவிச்சுடுங்க. பத்து நாள்ல ஒவ்வொண்ணா பார்த்துக்கலாம்."

"நான் விடுவிக்க மாட்டேன் சார். உங்க லாகின்லயும் விடுவிக்கிற பட்டன் இருக்கு. நீங்க அமுக்கலாம்." அவள் குரல் உயரவில்லை. "அமுக்கினவர் பேரு அதுல நிக்கும். என் பேரு பதினாலு இடத்துல நிக்கிற மாதிரி."

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பத்தாவது கட்டுரையைத் திறந்தார். 'விடுவி' என்ற பொத்தான் மேல் அம்புக்குறி போய் நின்றது. வெளியே தண்ணீர் இயந்திரம் முனகுவது கேட்டது. அவளுக்கு அந்த நேரத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவர் அமுக்கிவிடுவாரோ என்ற பயம். அப்படி அமுக்கினால் இந்த மனிதரை இனி மதிக்க முடியாதே என்ற பயம் அதைவிடப் பெரிது. அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"குறிப்புல 'இந்த அலுவலகம்'னு இருக்கு. போதும். உங்க பேரை எடுத்துடுங்க, என் பேரைப் போடுங்க. இங்க நடக்கிறதுக்கு நான் பொறுப்பு."

"ரெண்டு பேரும் இருக்கட்டும் சார்."

அன்று மதியம் குறிப்பு வெளியானது. அவள் அந்த அம்மாவுக்குப் போன் செய்து பெயரை எடுத்தாகிவிட்டது என்று சொன்னாள். அந்த அம்மா குறிப்பு முழுவதையும் வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நாலு வரிதான், ஆனா தப்பில்ல" என்றார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதில் அதைவிடச் சுருக்கம். நிரந்தரக் கடிதம் இந்த வருடம் பரிசீலிக்கப்படாது, ஒப்பந்தம் ஆறு மாதம் மட்டும் நீளும். ஆறு மாதம் என்பதைப் படித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மேசைப் பெண் எதுவும் கேட்காமல் தேநீரை நகர்த்தி வைத்தாள்.

கணினியில் இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு மதிப்பீட்டாளர்கள் இருந்தார்கள், எல்லோர் பெயருக்கு எதிரிலும் அவளுடைய டிக். அவள் அந்தப் பட்டியலை அச்செடுத்தாள். மின்னஞ்சலை நம்பவில்லை. ஒவ்வொருவரும் வேலை செய்யும் மருத்துவமனை, கல்லூரி எண்ணைத் தேடி எடுத்து, "இந்த இதழுக்கு நீங்கள் மதிப்பீடு எழுதியதுண்டா?" என்று கேட்கத் தொடங்கினாள். திரையோரக் கடிகாரம் முதல் முறையாகச் சிவப்பானது. அவள் அதன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்தாள்.

நான்காம் நாள் பட்டியலோடு கண்ணாடி அறைக்குப் போனாள்.

"நாப்பது பேர்கிட்ட பேசிட்டேன் சார். முப்பத்தேழு பேர் நாங்கதான் எழுதினோம்னு சொல்றாங்க. மூணு பேர் நம்ம இதழோட பேரையே கேள்விப்பட்டதில்ல."

அவர் நிமிரவில்லை. "எத்தனை பேப்பர்?"

"ஒன்பது."

"ஆறு மாசத்துக்கு அப்புறம் உங்களை வச்சுக்கலாமான்னு மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் இதையும் எடுத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

"ஆமா சார். நிறுத்தி வச்சுட்டேன், ஒன்பதையும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கையை நீட்டிப் பட்டியலை வாங்கினார். பேசி முடித்த நாற்பதையும் மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மிச்சத்தை எண்ணி இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கை அவளிடம் கொடுத்தார். மற்றதைத் தன் முன்னால் போட்டுக்கொண்டு தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்தார்.

"என்னன்னு ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்டார்.

"நேராவே கேட்டுடறேன் சார்."

அவர் முதல் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். வெளியே வந்து தன் மேசையில் உட்கார்ந்த தபாலக்காவுக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றபடி பேசுவது தெரிந்தது. அவள் தன் பங்கின் முதல் எண்ணை அழைத்தாள்.