பலா நிழலும் அத்தாயியின் தண்ணீரும்

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு மலையூரில் அத்தாயிக்கு முக்கால் ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம். அவளுக்கும் பக்கத்துத் தோட்டத்துச் செல்லப்பனுக்கும் ஒரே ஊற்றுத் தண்ணீர். அந்த ஊற்று மட்டும் இல்லையென்றால், ஊரை யார் ஆண்டால் நல்லது என்று அவள் மண்டையைக் குழப்பிக்கொண்டிருக்கவே மாட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் தண்ணீர்த் தகராறு முற்றியபோது தீர்த்துவைத்தவர் ஊர்க்கவுண்டர் பெரியண்ணன். அப்பன் வழியில் வந்த பதவி, ஓட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. தினமும் ஊற்றடிப் பலாமரத்து நிழல் பக்கத்து வெள்ளைப் பாறையைத் தொடும்வரை தண்ணீர் அத்தாயிக்கு, தொட்டபின் செல்லப்பனுக்கு என்றார். அவளுக்கு அது பிடித்தது. ஆனால் இவர் மகன் மடையனாக வந்து வாய்த்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது.

எழுபத்தாறில் மந்திரிசபை போய்க் கவர்னர் ஆட்சி வந்தது. ஜீப்பில் வந்த அதிகாரி ஒருவர், நிழலுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை, மேலே எழுதிக் கேட்கிறேன் என்று போனார். பதில் வரவே இல்லை, ஊர் நிழலையே பார்த்துக்கொண்டது. ஆனால் அந்த வருஷம் பஸ் மட்டும் நேரத்துக்கு வந்தது. அதையும் அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எண்பத்தாறில் ஓட்டுப் போட்டுப் பஞ்சாயத்துத் தலைவர் வந்தார். அதே வருஷக் காற்றில் பலாமரம் சாய்ந்தது. மரமே இல்லை, அப்புறம் என்ன முறை என்றார் தலைவர். செல்லப்பன் வீட்டில் பதினோரு ஓட்டு, அவள் வீட்டில் இரண்டு. தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் போனது. பத்து ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. அவளும் அந்தத் தலைவருக்கே ஓட்டுப் போட்டிருந்தாள்.

தொண்ணூற்றாறில் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் அத்தாயியே தலைவியாகிவிட்டாள். மறுநாள் செல்லப்பன் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, இனித் தண்ணி எப்படீங்க?"

இத்தனை வருஷம் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷன் 'ங்க' போட்டதில் அவள் ஆடிப்போனாள். மொத்தத் தண்ணீரையும் தன் பக்கம் திருப்பலாம், கேட்க ஆளில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கவுண்டர் முன் வெற்றிலை வைக்காமல் அந்த ஊரில் எதையும் முடிவு செய்வதில்லை. தலைவியும் தட்டோடு போய் நின்றாள். பெரியண்ணன் வெற்றிலையைத் தொடவில்லை.

"நாந்தான் கண்ணு இப்ப உனக்கு வெக்கோணும்."

"நாஞ் சொல்றது தப்பாப் போனா ஆருங்க கேப்பாங்க?"

"என்னைய ஆரு கேட்டாங்க? நொம்ப நாளு தூக்கமில்லாமக் கெடந்திருக்கறேன்."

மறுநாள் செல்லப்பனை வரச்சொல்லி ஊற்றடியில் மண்வெட்டியோடு நின்றாள். பழைய முறைதான் என்றாள். ஆனால் பார்ப்பதற்கு நிழல் இல்லை. வெயில் ஏறியது.

"ஏனுங்கண்ணா, இந்நேரம் நெழலு தொட்டிருக்குமுங்களா?"

செல்லப்பன் பாறையை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்குதுங்க. உங்க பக்கமே பாயட்டும்."

அத்தாயி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். இது யாருடைய ஆட்சி என்று மட்டும் அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.