தார்ப்பாய் பார்த்த ஒன்றரை மணி நேரம்

டென்மார்க் நாட்டுப் பம்பு நிறுவனம் ஒன்று 1996இல் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு வந்தபோது, வாடகைக் கொட்டகை ஒன்றும் தொழிலாளர் அறுவருமே அதன் முழு இருப்பு. அந்த ஆறாவது ஆள் வரதன். பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில், நாற்காலியில் அமர்ந்து சம்பளம் வாங்கிய முதல் மனிதர் அவரே. பம்புகளை லாரியில் ஏற்றி அனுப்புவதும், வண்டி தாமதமானால் காரணத்தைப் பதிவேட்டில் எழுதுவதும் அவர் வேலை.

முதல் லாரியே மக்கர் செய்தது. பழுது வண்டியில் இல்லை. வெள்ளிக்கிழமை, மணி பத்தரை; இராகு காலத்தில் சாவியைத் தொடமாட்டேன் என்று ஓட்டுநர் திருவேங்கடம் இறங்கி நின்றுவிட்டார். வரதன் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். இராகுவோடு அவருக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் லாரி ஓட்டத் தெரியாது. நெடுநேரம் யோசித்துக் காரணக் கட்டத்தில் ‘தார்ப்பாய் சரிபார்ப்பு’ என்று எழுதினார். அன்றுமுதல் திங்கள் ஏழரைக்குத் தார்ப்பாய், செவ்வாய் மூன்றுக்குத் தார்ப்பாய். சும்மா நிற்கப் பிடிக்காமல் திருவேங்கடமும் கயிறுகளை இழுத்துக் கட்டுவார் என்பதால், எழுதியது முழுப்பொய்யும் ஆகாது.

பதினோரு ஆண்டுகளில் கொட்டகை ஆலையாயிற்று. அறுவர் நானூறு பேர் ஆயினர். நிறுவனத்தின் இந்திய வரலாற்றை எழுதத் தலைமை அலுவலகத்திலிருந்து இங்கிரிட் அம்மையார் வந்தார். வரதனை அதிகாரியாக உயர்த்தும் ஆணையும் அவருடைய கையெழுத்துக்காகவே காத்திருந்தது. பதிவேடுகளை ஒருவரி விடாமல் படிக்கச் செய்த அம்மையார், உலகிலுள்ள பதினான்கு ஆலைகளில் வழியில் பம்பு உடைவது இங்கேதான் மிகக் குறைவு என்று கண்டார். தார்ப்பாயே காரணம் என்று தலைவருக்கு எழுதினார். தலைவர் அதை ஆண்டுக் கூட்டத்தில் புகழ்ந்தும் பேசிவிட்டார். இனி எல்லா ஆலைகளிலும் நாள்தோறும் ஒன்பது முதல் பத்தரை வரை தார்ப்பாய் பார்த்துவிட்டு, பத்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது.

திருவேங்கடம் அதை அமைதியாகக் கேட்டார்.

“வெள்ளிக்கெழம பத்தரைக்கா? நீயே எட்த்து ஓட்டிக்கோ, வரதா. நான் டீக்கடைல குந்திகினு டாட்டா காட்றேன்.”

வண்டி நின்றால் பொய் வெளிப்படும். பொய் வெளிப்பட்டால் பதவி என்ன, இருக்கிற நாற்காலியும் போய்விடும். வரதனின் மனைவி மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“உண்மைய சொல்லிடுய்யா. வேல போனா போவுது. பதினோரு வருசமா ராவுகாலம் எழுதிகினு இருந்த ஒரே மாதா கோயில் ஆளுன்னு பேராவது நிக்கும்.”

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியில் அம்மையாருக்கு வழியனுப்பு விருந்து. வரதன் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அம்மையார் தட்டிலிருந்த வஞ்சிர வறுவலைத் தின்று முடித்தார். பிறகு, தலைவருக்கு இது தெரிந்தால் முதலில் போவது தம் வேலைதான் என்று நிதானமாக விளக்கினார். கிழமைவாரியாக நேரத்தை எழுதித் தந்தால் உத்தரவைத் திருத்திவிடலாம் என்றும் சொன்னார். வரதன் கைதுடைக்கும் தாளில் ஏழு நாளையும் மனப்பாடமாக எழுதித் தந்தார். தாள் அம்மையாரின் பைக்குள் போயிற்று. ஆணையில் கையெழுத்து விழுந்தது.

அதிகாரியான வரதன் டென்மார்க்குக்கு எழுதிய முதல் கடிதம், அங்கே திசம்பரில் சூரியன் எப்போது உதித்து எப்போது மறைகிறது என்பதைப் பற்றியது. எட்டரை, மூன்றரை என்று பதில் வந்தது. இராகு காலம் பகலில் எட்டில் ஒரு பங்கு. ஏழு மணி நேரப் பகலை எட்டால் வகுத்துப் பார்த்துவிட்டு, ‘அந்நாட்டுக் குளிர்காலத்தில் தார்ப்பாய்க்கு ஐம்பத்திரண்டு நிமிடம் போதும்’ என்று அவர் திருத்தம் அனுப்பினார். லாரி ஒன்றுக்கு முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம். இந்தியக் கிளை தாய் நிறுவனத்துக்கு வழங்கிய முதல் தொழில்நுட்ப யோசனை என்று, அச்சான வரலாற்று நூலில் அது இடம்பெற்றிருக்கிறது.